கோபன்ஹேகன் பெரிய ஜெப ஆலயம்
கிரிஸ்டல்காத தெரு, 1833

மஞ்சள் செங்கல்லில் எழுந்த இந்தக் கட்டடம், டென்மார்க் யூதர்களின் முதன்மை வழிபாட்டுக்கூடம். கட்டடக் கலைஞர் ஜி. எஃப். ஹெட்ச் இதை வடிவமைத்தார். உள்ளே கூரையிலும் யூத மறைநூலான தோராவின் சுருள்களை வைக்கும் பேழையின் மேலும் எகிப்தியச் சாயல் தெரியும். சற்று நின்று பாருங்கள்.

1943 செப்டம்பர் 29. யூதப் புத்தாண்டுக்கு முந்தைய காலை. வழிபாட்டுக்கு வந்தவர்களிடம் ராபி (யூத மதகுரு) மார்கஸ் மெல்கியோர், “இன்று வழிபாடு இல்லை, உடனே ஒளிந்துகொள்ளுங்கள், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்” என்ற செய்தியைச் சொன்னார். டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியப் படை யூதர்களைக் கைதுசெய்யத் தயாராகியிருந்தது. அக்கம்பக்கத்தாரும் மீனவர்களும் துணைநிற்க, 7,000-க்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சுவீடன் சேர்ந்தனர். இங்கிருந்த தோரா சுருள்கள் தெருக்கோடியிலுள்ள டிரினிடாடிஸ் தேவாலயத்தில் மறைத்து வைக்கப்பட்டன. அண்டை வீட்டார் செய்த இந்த உதவி மறக்கக் கூடாதது.

2015 பிப்ரவரி 15 நள்ளிரவு கடந்து, பின்புறக் கூடத்தில் ஒரு சிறுமியின் பாத் மிட்ஸ்வா (சமயப் பொறுப்பேற்கும் வயதை எட்டும்) விழா நடந்துகொண்டிருந்தது. வாசலில் காவல் நின்ற யூதத் தன்னார்வலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் இந்த வேலியோரம் நகர மக்கள் வைத்த மலர்களால் நிறைந்தது. வாயிற்காவல் இன்றும் உண்டு.

இங்கு வழிபாடு தொடர்ந்து நடக்கிறது. உள்ளே வரும் ஆண்கள் தலையை மூடிக்கொள்ளவும்.