வீரசோழபுரத்துச் சுந்தரரும் 1956-ஆம் ஆண்டு ஒளிப்படமும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள வீரசோழபுரம் சிவன் கோயிலில் 1956-ஆம் ஆண்டு சில கறுப்பு வெள்ளை ஒளிப்படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றை எடுத்தவர்கள் காவல்துறையினர் அல்லர். கோயிற்கலையை ஆராய வந்தவர்கள். அந்தப் படங்களில் சுந்தரரும் அவர் துணைவியார் பரவையாரும் இருந்தனர். பின்னர் அத்திருமேனிகள் கோயிலிலிருந்து மறைந்து கடல் கடந்தன. ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பிறகு, அவை எந்த ஊருக்கு உரியவை என்பதற்கு அந்தப் பழைய படமே சான்றாக நின்றது.

ஊரும் அடியவரும்

கல்வராயன் மலையின் மேல் உள்ள முக்கிய ஊர் வெள்ளிமலை. இம்மலையில் பிறக்கும் கோமுகி ஆறு கீழே இறங்கிக் கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு நீர் தருகிறது. அந்தச் சமவெளிப் பகுதியைச் சேர்ந்த ஊர்தான் வீரசோழபுரம். சோழர் காலத்தை நினைவூட்டும் இவ்வூரின் சிவன் கோயிலை நாரீசுவரர் கோயில் என்றும், அர்த்தநாரீசுவரர் கோயில் என்றும் அழைப்பர்.

கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டு நவம்பரில்தான் தனி மாவட்டம் ஆயிற்று. 1956-இல் இப்பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி வட்டமாக இருந்தது. ஆகவே பழைய படத்தின் குறிப்பிலும் கள்ளக்குறிச்சி வட்டம் என்றே காணப்படுகிறது.

தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சுந்தரர் பிறந்த திருநாவலூரும் இன்று இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவர் திருவாரூரில் பரவையாரை மணந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. ஆகவே வீரசோழபுரத்தில் இவ்விருவருக்கும் செப்புத் திருமேனி செய்து வழிபட்டவர்கள், தங்கள் மண்ணில் பிறந்த அடியவரையே வணங்கினார்கள் எனலாம். இத்திருமேனிகள் விசயநகர ஆட்சிக் காலமான 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணிக்கப்பட்டுள்ளது.

படம் எடுக்கப்பட்ட காரணம்

1954-ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரியின் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, அதாவது 1955-இல், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர் இந்தியவியல் அறிஞர் ழான் ஃபிலியோசா. சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டுவது இந்நிறுவனத்தின் பெரும்பணிகளுள் ஒன்று. ஆகமங்கள் கோயிலமைப்பையும் திருமேனிகளின் இலக்கணத்தையும் கூறுகின்றன. ஏட்டில் உள்ள இலக்கணம் கோயில்களில் எவ்வாறு வடிவம் பெற்றிருக்கிறது என்று அறிய வேண்டுமானால், ஊர் ஊராகச் சென்று பார்க்க வேண்டும். பார்த்ததைப் படமாகப் பதிவு செய்ய வேண்டும்.

அவ்வாறு 1956-ஆம் ஆண்டு முதல் எடுக்கப்பட்ட படங்கள் பெருகி, இன்று அந்நிறுவனத்தின் ஒளிப்படக் காப்பகத்தில் 1,50,000-க்கும் மேல் உள்ளன. புகழ்பெற்ற பெருங்கோயில்களோடு, வெளியூரார் அதிகம் செல்லாத சிற்றூர்க் கோயில்களும் அவற்றில் இடம்பெற்றிருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் ஊர், கோயில், திருமேனியின் பெயர், ஆண்டு ஆகியவை குறிக்கப்பட்டன. அப்போது இது அலுவலகக் குறிப்பாக மட்டுமே தோன்றியிருக்கும். பிற்காலத்தில் படத்தைப் போலவே அந்தக் குறிப்பும் விலைமதிப்பற்றதாயிற்று.

மறைந்த திருமேனிகள்

இந்தியா விடுதலை பெற்ற பின்வந்த பல பத்தாண்டுகளில், காவல் குறைந்த சிற்றூர்க் கோயில்களிலிருந்து ஏராளமான செப்புத் திருமேனிகள் திருடப்பட்டு வெளிநாட்டுச் சந்தைக்குச் சென்றன. கலைப்பொருள்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க யுனெசுகோ 1970-இல் ஓர் உடன்படிக்கையை உருவாக்கியது. இந்தியா 1972-இல் தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டத்தை இயற்றியது. தமிழகக் காவல்துறையில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983-இல் அமைக்கப்பட்டது. சட்டமும் காவலும் வருவதற்கு முன்பே பல திருமேனிகள் சென்றுவிட்டன.

வீரசோழபுரம் திருமேனிகளும் 1956-க்குப் பின் இவ்வாறே மறைந்தன. சுந்தரர், பரவையாரோடு நடராசர், வீணாதர தட்சிணாமூர்த்தி, திரிபுராந்தகர், திரிபுரசுந்தரி ஆகிய திருமேனிகளும் இக்கோயிலிலிருந்து திருடப்பட்டவை என்றும், அவை அமெரிக்காவில் இருப்பது கண்டறியப்பட்டது என்றும் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022-இல் தெரிவித்தது. அதற்கும் பிரெஞ்சு நிறுவனத்தின் படங்களே துணையாயின.

படம் சான்றாவது எப்படி?

சுந்தரர் திருமேனிகள் தமிழ்நாட்டில் பல கோயில்களில் உள்ளன. அவ்வாறிருக்க, அமெரிக்காவில் உள்ள ஒன்று வீரசோழபுரத்துக்கு உரியதுதான் என்று எவ்வாறு சொல்ல முடியும் என்ற ஐயம் எழலாம்.

இதற்கு விடை, திருமேனி செய்யும் முறையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுச் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்படுபவை. சிற்பி முதலில் மெழுகில் முழு உருவத்தையும் கையால் செய்கிறார். அதன்மேல் களிமண்ணைப் பூசி உலர்த்துகிறார். பின் சூடேற்ற, மெழுகு உருகி வெளியேறுகிறது. உள்ளே உண்டான வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படுகிறது. உலோகம் ஆறியதும் மண் கருவை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க வேண்டும். அக்கரு மீண்டும் பயன்படாது. ஆகவே ஒரே கருவிலிருந்து இரண்டு திருமேனிகள் பிறப்பதில்லை.

இதனுடன் காலம் இடும் அடையாளங்களும் சேர்கின்றன. வார்ப்பின்போது ஏற்பட்ட சிறு குழி, உடைந்த விரல் நுனி, பீடத்தின் ஓரத்தில் ஒரு நசுங்கல், பலகாலம் அபிடேகம் செய்ததால் தேய்ந்த முகம் என ஒவ்வொரு திருமேனிக்கும் தனி அடையாளம் உண்டு. மனிதருக்குக் கைரேகை எப்படியோ, திருமேனிக்கு இவை அப்படி. பழைய படத்தையும் அருங்காட்சியகத்தில் உள்ள பொருளையும் அருகருகே வைத்து இந்த அடையாளங்களை ஒவ்வொன்றாக ஒப்பிடும்போது ஐயம் நீங்குகிறது.

'சுந்தரர் 1, பரவையார் 1' என்று பெயரும் எண்ணிக்கையும் மட்டும் உள்ள ஒரு பட்டியலால் இதைச் செய்ய இயலாது. பட்டியல் ஒரு பொருள் இருந்தது என்று சொல்லும். படமே அது எந்தப் பொருள் என்று காட்டும்.

வாசிங்டனில் நடந்த ஆய்வு

வீரசோழபுரத்துச் சுந்தரரும் பரவையாரும் அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் உள்ள சுமித்சோனியன் நிறுவனத்தின் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் இருந்தனர். ஆர்தர் சாக்லர் என்பவர் 1987-இல் வழங்கிய சுமார் 1,000 கலைப்பொருள்களோடு சேர்ந்து அங்கு வந்தவை அவை.

இவ்வருங்காட்சியகம் தன்னிடமுள்ள பொருள்கள் வந்த வழியைத் தானே ஆராயத் தொடங்கியது. 2023-இல் அதன் ஆய்வாளர்கள் புதுச்சேரி ஒளிப்படக் காப்பகத்துடன் இணைந்து பணியாற்றினர். அப்போது மூன்று செப்புப் படைப்புகள் தமிழ்நாட்டுக் கோயில்களில் 1956 முதல் 1959 வரையான காலத்தில் படமெடுக்கப்பட்டவை என்று உறுதியாயிற்று. ஒன்று வீரசோழபுரத்துச் சுந்தரரும் பரவையாரும்; 1956-இல் எடுத்த படம். மற்றொன்று திருத்துறைப்பூண்டிக் கோயிலின் சோழர் கால நடராசர். 1957-இல் எடுத்த படம். மூன்றாவது மன்னார்குடி வட்டம் ஆலத்தூர் விசுவநாதர் கோயிலின் சோமாசுகந்தர். 1959-இல் எடுத்த படம்.

இந்தியத் தொல்லியல் துறையும் இம்முடிவுகளைப் பரிசீலித்து, இவை இந்தியச் சட்டத்தை மீறி எடுத்துச் செல்லப்பட்டவை என்று உறுதி செய்தது. இம்மூன்றையும் இந்திய அரசிடம் திருப்பித் தருவதாக அருங்காட்சியகம் 2026 சனவரியில் அறிவித்தது. நடராசர் மட்டும் உரிமை இந்தியாவுக்கு மாறிய பின், நீண்டகால இரவலாக அங்கேயே காட்சிக்கு இருக்கும் என்றும், அதன் முழு வரலாறும் பார்வையாளருக்குச் சொல்லப்படும் என்றும் தெரிவிக்கப்பட்டது.

இதே வழியில் தெரிந்த பிற திருமேனிகள்

புதுச்சேரிக் காப்பகத்தின் படங்கள் வேறு பல ஊர்களுக்கும் உதவியிருக்கின்றன.

ஆனந்தமங்கலம்: இராசகோபாலப் பெருமாள் கோயிலின் இராமர், இலக்குவன், சீதை திருமேனிகள் 1958-இல் படமெடுக்கப்பட்டன, 1978-இல் திருடப்பட்டன. இலண்டனில் அடையாளம் காணப்பட்டு 2020 செப்டம்பரில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

பொட்டவெளி வெள்ளூர்: அரியலூர் மாவட்டத்தில் உள்ள இவ்வூர் வரதராசப் பெருமாள் கோயிலின் அனுமன் 1961-இல் படமெடுக்கப்பட்டது, 2012-இல் திருடப்பட்டது. ஆசுதிரேலியாவிலிருந்து மீட்கப்பட்டு 2023-இல் தமிழகம் வந்தது.

சுந்தரப்பெருமாள்கோவில்: கும்பகோணம் அருகே உள்ள சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் 1957-இல் படமெடுக்கப்பட்டது. அதை இங்கிலாந்தின் ஆக்சுபோர்டில் உள்ள ஆசுமோலியன் அருங்காட்சியகம் 1967-இல் ஏலத்தில் வாங்கியிருந்தது. கோயிலில் இருந்தது போலி என்பது பின்னர் காவல்துறை விசாரணையில் தெரிந்தது. அசலைத் திருப்பித் தர ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் 2024-இல் ஒப்புக்கொண்டது.

கடைசி நிகழ்வு குறிப்பிடத்தக்கது. தங்கள் கோயிலில் இருப்பது அசல் அன்று என்பதே ஊராருக்குத் தெரியாத நிலையில், 1957-இன் படம் அந்த உண்மையைப் பாதுகாத்து வைத்திருந்தது.

சுந்தரர் வாழ்விலும் ஓர் ஆவணம்

சுந்தரரின் வரலாற்றிலேயே இதற்கு ஒப்பான ஒரு நிகழ்ச்சி வருவது வியப்புக்குரியது. பெரியபுராணத்தின்படி, சுந்தரரின் திருமணத்தன்று ஒரு முதியவர் வந்து, 'இவன் எனக்கு வழிவழி அடிமை' என்று ஓர் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். 'நீ கிழித்தது படி ஓலை. மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது' என்கிறார் முதியவர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அவையோர் மூல ஓலையில் உள்ள எழுத்தை, சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையுடன் ஒப்பிடுகின்றனர். இரண்டும் ஒத்திருக்கவே, முதியவர் பக்கம் தீர்ப்பாகிறது. அந்த முதியவர் சிவபெருமானே என்பது கதையின் முடிவு.

ஆவணம் ஒன்று பாதுகாப்பாக இருந்தது. தேவைப்பட்டபோது அதை மற்றொன்றுடன் ஒப்பிட்டார்கள். யார் யாருக்கு உரியவர் என்பது முடிவாயிற்று. வாசிங்டனிலும் நடந்தது இதுவே. அன்று ஓலை சுந்தரரைத் திருவெண்ணெய்நல்லூருக்கு அழைத்தது. இன்று ஓர் ஒளிப்படம் அவரைத் தாயகத்துக்கு அழைத்திருக்கிறது.

மாணவர்கள் அறிய வேண்டியது

1956-இல் ஒளிப்படக் கருவி அரிய பொருள். அதைச் சுமந்துகொண்டு வீரசோழபுரம் வரை சென்றவர்கள், தங்கள் படம் பிற்காலத்தில் இப்படிப் பயன்படும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். அவர்கள் அன்று இவ்வூருக்கு வராதிருந்தால், இந்தச் சுந்தரரும் பரவையாரும் 'தென்னிந்தியா, 16-ஆம் நூற்றாண்டு' என்ற சிறு குறிப்போடு ஊர்ப்பெயர் இழந்து நின்றிருப்பார்கள்.

இன்று படமெடுக்கும் வசதி வீடுதோறும் உள்ளது. ஆயினும் வெள்ளிமலை போன்ற மலையூர்களிலும் சமவெளிச் சிற்றூர்களிலும் முறையாகப் பதிவு செய்யப்படாத கோயில்கள், நடுகற்கள், கல்வெட்டுகள், பழம்பொருள்கள் பல இருக்கின்றன. பள்ளி மாணவர்கள் ஆசிரியர் துணையோடும், ஊர்ப் பெரியவர்களின் இசைவோடும் அவற்றைப் பதிவு செய்யலாம். படமெடுக்கக் கூடாத கருவறை போன்ற இடங்களை விட்டுவிட வேண்டும். முன்புறம், பக்கம், பின்புறம் எனப் பல கோணங்களில் எடுப்பது நல்லது. அருகில் ஓர் அளவுகோலை வைத்தால் உயரம் தெரியும். ஊர், இடம், பொருளின் பெயர், நாள் ஆகியவற்றை உடனே எழுதி வைக்க வேண்டும். படிகளை இரண்டு மூன்று இடங்களில் சேமிக்க வேண்டும். ஒரு படி கிழிந்தாலும் மூலம் தப்பிப் பிழைக்கும்.