4 விநாடி ரேஸ்... 40 நிமிட ‘ஆபரேஷன்’! ஒரு டிராக் ரேஸ் டீமின் வீக்எண்ட் எப்படி இருக்கும்?

ஸ்டார்ட் லைனில் இருந்து ஃபினிஷ் லைன் வரை போக ஆகும் நேரம், 4 விநாடிக்கும் குறைவு. இதற்காக ஒரு டீம் டிரக், உதிரி இன்ஜின், டூல்ஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து, ரேஸ் மைதானத்திலேயே நாள்கணக்கில் கிடக்கிறது. ஃபைனல் வரை போனால் எட்டு அல்லது ஒன்பது ஓட்டம். எல்லாவற்றையும் கூட்டினால் அரை நிமிடம் சொச்சம்தான் வரும்!

அப்போ மீதி நேரம் எல்லாம் என்ன செய்கிறார்கள்? நிஜ ரேஸே அங்கேதான் நடக்கிறது.

எங்கே நடக்கிறது இந்தப் போட்டி?

டிராக் ரேஸ் உலகின் மிகப் பெரிய மேடைகளில் ஒன்று, அமெரிக்காவின் யு.எஸ். நேஷனல்ஸ். நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் (என்.ஹெச்.ஆர்.ஏ.) நடத்தும் இந்தப் போட்டி 1955-ல் கான்சாஸ் மாகாணத்தில் தொடங்கியது. 1961 முதல் இண்டியானாபோலிஸ் அருகே நடக்கிறது. வழக்கமாக, செப்டம்பர் முதல் திங்கள்கிழமை வரும் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டிய வாரக் கடைசியில் நடக்கும்.

விதி ரொம்ப சிம்பிள். வளைவே இல்லாத நேர்க்கோட்டுப் பாதை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார்கள். முதலில் கோட்டைத் தொடுபவர் அடுத்த சுற்றுக்குப் போவார். தோற்றவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் நாள்களில் தகுதிச் சுற்றுகள். அதில் வேகமான 16 பேர் மட்டும் கடைசி நாளின் நாக் அவுட்டுக்குள் நுழைவார்கள். முதலிடம் பிடித்தவர் 16-வது இடத்தில் இருப்பவரோடு மோதுவார். நான்கு சுற்றுகளிலும் ஜெயித்தால் கோப்பை.

ஒரே ஓட்டத்துக்குப் பிறகு இன்ஜினை ஏன் பிரிக்கிறார்கள்?

இருப்பதிலேயே வேகமான பிரிவு ‘டாப் ஃப்யூயல்’. இந்த கார்களின் இன்ஜின் சக்தி சுமார் 11,000 குதிரைத்திறன். நம்ம ஊர் சாதாரண ஹேட்ச்பேக் காரில் இருப்பது 80, 90 குதிரைத்திறன்தான். ஃபினிஷ் லைனைத் தொடும்போது வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும்.

காரணம், எரிபொருள். பெட்ரோலுக்குப் பதிலாக, சுமார் 90 சதவீதம் நைட்ரோமீத்தேன், மீதி மெத்தனால். நைட்ரோமீத்தேனுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால், அதே அளவு காற்றில் பெட்ரோலைவிடப் பல மடங்கு அதிகமாக எரிக்கலாம். ஒரு ஓட்டத்துக்கே 40 லிட்டருக்கு மேல் காலி!

இந்தச் சக்தியை எந்த இன்ஜினும் அதிக நேரம் தாங்காது. அந்த 4 விநாடியிலேயே ஸ்பார்க் பிளக்கின் முனை உருகும். பேரிங் நசுங்கும். கிளட்ச் தட்டுகள் தேயும். ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் போனாலும் இன்ஜின் வெடிக்கலாம்.

அதனால், கார் திரும்பி வந்ததுமே எட்டு, பத்து பேர் கொண்ட டீம் வேலையில் இறங்குகிறது. ஒருவர் வலதுபக்க சிலிண்டர் ஹெட், ஒருவர் இடதுபக்கம், ஒருவர் காருக்கு அடியில், ஒருவர் கிளட்ச், இன்னொருவர் பாராசூட் மடிப்பு. யார் கையும் இன்னொருவர் வேலைக்குள் போகாது. பிஸ்டன் வரை வெளியே எடுத்து, பார்த்து, மாற்றி, மறுபடி பூட்டி, ஸ்டார்ட் செய்து பார்க்க ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே கிடைக்கும். அவசரம் என்றால் 40 நிமிடம்தான். சர்வீஸ் சென்டரில் ஆயில் மாற்றவே நமக்குப் பாதி நாள் போய்விடும்!

இதை ரசிகர்கள் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம் என்பதுதான் இந்த விளையாட்டின் ஸ்பெஷல். டிக்கெட் வாங்கிய யார் வேண்டுமானாலும் டீம்கள் வேலை செய்யும் பகுதிக்குள் போகலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் நைட்ரோ புகையில் எல்லோருக்கும் கண்ணீர் வரும். ஆனாலும் கூட்டம் நகராது.

கம்ப்யூட்டர் இருக்கே, அது பார்த்துக்காதா?

பார்த்துக்கொள்ளாது. ஓட்டத்தில் என்ன நடந்தது என்பதைப் பதிவு செய்ய மட்டும்தான் கம்ப்யூட்டருக்கு அனுமதி. ஓடும்போது சக்கரம் சுழன்று வழுக்கினால், அதைத் தானாகத் திருத்தும் வசதிக்குத் தடை.

இந்த காரில் நாம் பழகிய கியர் பாக்ஸும் கிடையாது. கிளட்ச் எந்த நொடியில் எவ்வளவு இறுக வேண்டும் என்பதை முன்கூட்டியே டைமரில் வைத்துவிட வேண்டும். அதை முடிவு செய்பவர் ‘க்ரூ சீஃப்’. மதிய வெயிலில் பாதை சூடேறினால் டயருக்குப் பிடிமானம் குறையும். அப்போது சக்தியைக் குறைத்து அனுப்ப வேண்டும். மாலையில் குளிர்ந்தால் கூட்டலாம். கொஞ்சம் கூடினால் சக்கரம் வழுக்கும், கொஞ்சம் குறைந்தால் எதிரி போய்விடுவார். கார் கிளம்பிய பிறகு அவரால் செய்ய முடிந்தது, கோட்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பது மட்டும்தான்.

வேகமாக ஓடியவர் தோற்க முடியுமா?

முடியும். ஸ்டார்ட் லைனில் இருக்கும் விளக்குக் கம்பத்துக்கு ‘கிறிஸ்துமஸ் ட்ரீ’ என்று பெயர். மஞ்சள் விளக்குகள் ஒன்றாக எரிந்து 0.4 விநாடியில் பச்சை வரும். பச்சைக்கு முன்பே நகர்ந்தால் சிவப்பு, அதோடு அவுட். பச்சை வந்த பிறகு தாமதித்தாலும் ஆபத்து.

ஒரு கணக்கு போடலாம். ‘ஏ’ காரின் ஓட்ட நேரம் 3.72 விநாடி. ஆனால், டிரைவர் 0.09 விநாடி தாமதம். மொத்தம் 3.81. ‘பி’ காரின் ஓட்ட நேரம் 3.75. டிரைவர் தாமதம் 0.05. மொத்தம் 3.80. கார் மெதுவானது, ஆனாலும் ஜெயித்தது ‘பி’! இதற்கு ‘ஹோல்ஷாட்’ என்று பெயர். டீம் ராத்திரி பகலாகச் செதுக்கிய வேகத்தை, டிரைவரின் கால் ஒரு கண் சிமிட்டலில் இழக்கவும் முடியும், மீட்கவும் முடியும்.

இங்கே ஆண், பெண் தனிப் பிரிவு கிடையாது. 1982 யு.எஸ். நேஷனல்ஸ் ஃபைனலில் ஷெர்லி முல்டவுனி தோற்கடித்தது, ஒரு காலத்தில் தனக்கே க்ரூ சீஃபாக இருந்த கானி கலிட்டாவை. டாப் ஃப்யூயல் சாம்பியன் பட்டத்தை மூன்று முறை வென்றவர் முல்டவுனி.

பாதையைச் சுருக்கிய மரணம்

டிராக் ரேஸ் என்றால் கால் மைல், அதாவது 402 மீட்டர் என்பதே பழைய கணக்கு. 2008 ஜூனில் நியூ ஜெர்சியில் நடந்த தகுதிச் சுற்றில், கானி கலிட்டாவின் மகன் ஸ்காட் கலிட்டா ஓட்டிய காரின் இன்ஜின் ஃபினிஷ் லைன் அருகே வெடித்தது. வேகம் குறையாமல் பாதையின் எல்லையைத் தாண்டிப் போய் கார் மோதியது. அவர் உயிர் பிழைக்கவில்லை. இரண்டு முறை டாப் ஃப்யூயல் சாம்பியன் அவர்.

அடுத்த சில நாள்களிலேயே, அதிவேகப் பிரிவுகளின் ஓட்டத் தூரத்தை 1,000 அடியாக (சுமார் 305 மீட்டர்) என்.ஹெச்.ஆர்.ஏ. குறைத்தது. கார் நிற்பதற்குக் கூடுதல் இடம் கிடைக்கவே இந்த மாற்றம். தற்காலிகம் என்று வந்த விதி இன்றும் தொடர்கிறது.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1970-ல் டான் கார்லிட்ஸின் காரில், டிரைவருக்கு முன்னால் இருந்த பாகம் வெடித்து அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. மருத்துவமனையில் இருந்தபோதே யோசித்து, இன்ஜினை டிரைவருக்குப் பின்னால் வைத்து கார் கட்டினார். 1971-ல் அதில் ஜெயித்தார். சில ஆண்டுகளில் எல்லோருமே அந்த வடிவத்துக்கு மாறிவிட்டார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1951-ல் வாலி பார்க்ஸ் என்.ஹெச்.ஆர்.ஏ.வைத் தொடங்கியதே, தெருவில் ரேஸ் விட்ட இளைஞர்களைப் பாதுகாப்பான பாதைக்குக் கொண்டுவரத்தான். வேகத்தை அவர் தடுக்கவில்லை. அதற்கு ஓர் இடமும், விதியும், பரிசோதனையும் கொடுத்தார்.

சென்னையில் ராத்திரி பைக் ரேஸ், விபத்து, வண்டி பறிமுதல் என்ற செய்தி புதிதல்ல. அதே சென்னைக்கு அருகே, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் ரேஸ் நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அங்கேயும் ஓட்டம் சில விநாடிதான். ஆனால், ஹெல்மெட், ரேஸ் சூட், வண்டி சோதனை எல்லாம் முடிந்த பிறகே பச்சை விளக்கு. எதிரே லாரி வராது. அப்படியே விழுந்தாலும், ஓடிவர ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே நிற்கும்.