படத்தில் மலை ஏறினார்கள். உண்மையில் ரெயில் ஏறினார்கள்!

"சவுண்ட் ஆப் மியூசிக்" படம் எடுத்த ஊரில் 2 நாட்கள்

ஐரோப்பாவில் ஆஸ்திரியா என்று ஒரு சிறிய நாடு இருக்கிறது. அந்த நாட்டில், ஜெர்மனி எல்லையை ஒட்டி அமைந்துள்ள நகரம் சால்ஸ்பர்க். சுமார் 1½ லட்சம் பேர் வசிக்கும் ஊர்.

"சால்ஸ்" என்றால் உப்பு. "பர்க்" என்றால் கோட்டை. பக்கத்து மலைகளில் வெட்டி எடுத்த உப்பை விற்றுச் செழித்த ஊர் என்பதால் இந்தப் பெயர்.

இசை மேதை மோசார்ட் 1756-ம் ஆண்டு பிறந்தது இங்கேதான். அவர் பிறந்த வீட்டைப் பார்க்க உலகம் எங்கும் இருந்து வருகிறார்கள். இன்னொரு கூட்டம் ஒரு சினிமாவுக்காகவே வருகிறது.

1965-ல் வெளிவந்த "தி சவுண்ட் ஆப் மியூசிக்" தான் அந்தப் படம். ராபர்ட் வைஸ் டைரக்டு செய்தார். ஜூலி ஆண்ட்ரூஸ், கிறிஸ்டோபர் பிளம்மர் நடித்தார்கள். 5 ஆஸ்கார் பரிசுகள் பெற்றது.

மனைவியை இழந்த ஒரு கடற்படைத் தளபதி. அவருக்கு 7 குழந்தைகள். விசில் ஊதி, பட்டாளம் போல வளர்க்கிறார். குழந்தைகளைக் கவனிக்க, கன்னியர் மடத்தில் இருந்து மரியா என்ற பெண் வருகிறாள். பாட்டுச் சொல்லிக் கொடுத்து குழந்தைகளின் மனதைக் கவருகிறாள். தளபதியின் மனதும் மாறுகிறது. திருமணம் நடக்கிறது. அந்த நேரத்தில் ஹிட்லரின் படை நாட்டைப் பிடிக்கிறது. குடும்பமே மலை ஏறித் தப்புகிறது.

இந்தக் கதையின் சாயலை நம் படங்களிலும் பார்த்திருக்கிறோம். தமிழில் ஜெமினி கணேசன், காஞ்சனா நடித்த "சாந்தி நிலையம்" 1969-ல் வந்தது. இந்தியில் ஜிதேந்திரா, ஜெயபாதுரி நடித்த "பரிச்சய்" 1972-ல் வந்தது.

மச்சான் வீட்டில் இருந்து...

என் மனைவியின் அண்ணன் ஜெர்மனியில், மியூனிக் நகரில் வேலை பார்க்கிறார். பள்ளிக்கூட விடுமுறையில் மும்பையில் இருந்து அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். நான், மனைவி, 11 வயது மகள், 8 வயது மகன், என் அம்மா ஆகிய 5 பேர்.

அந்தப் படத்தைப் பல தடவை பார்த்தவள் என் மகள். சால்ஸ்பர்க் 2 மணி நேரப் பயணம்தான் என்று தெரிந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மச்சானுக்கு அந்த சனி, ஞாயிறு வேலை இருந்தது. "மாப்பிள்ளை, நீங்களே கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். ரெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?" என்று சிரித்தார்.

டிக்கெட்டு கவுண்ட்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான். அந்த ஊர் டிக்கெட்டு எனக்கு வியப்பாக இருந்தது. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்கு என்றே ஒரு நாள் டிக்கெட்டு விற்கிறார்கள். ஒரே டிக்கெட்டில் 5 பேர் வரை சேர்ந்து போகலாம். அன்று முழுவதும் மாநிலத்தின் எந்த உள்ளூர் ரெயிலிலும் ஏறலாம். எக்ஸ்பிரஸ் ரெயிலில் மட்டும் ஏறக் கூடாது.

சால்ஸ்பர்க் வேறு நாடு. ஆனாலும் அந்த நகர ரெயில் நிலையம் வரை இதே டிக்கெட்டு செல்லும். 1860-ம் ஆண்டிலேயே போட்ட பாதை இது.

பாட்டுப் பாடிய படிக்கட்டு

சால்ஸ்பர்க் நிலையத்தில் இருந்து நடக்கும் தூரத்திலேயே மிராபெல் தோட்டம் இருக்கிறது. மரியாவும் குழந்தைகளும் பாடிக்கொண்டே ஓடும் காட்சி இங்கே எடுத்ததுதான். சிறகுள்ள குதிரைச் சிலை நிற்கும் நீரூற்று, கொடிகள் மூடிய நடைபாதை, குள்ளர் சிலைகள், கடைசியில் குதித்து ஏறும் படிக்கட்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது.

படிக்கட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு ஜப்பான் குடும்பம், ஒரு அமெரிக்கக் குடும்பம். என் மகளும் மகனும் தங்கள் முறை வரும்வரை காத்திருந்து படிக்குப் படி குதித்தார்கள். அம்மா ஒரு பெஞ்சில் அமர்ந்து, "இதற்கா இத்தனை பேர் இத்தனை தூரம் வருகிறார்கள்!" என்றாள்.

படப்பிடிப்பு நடந்தது 1964-ல், ஏப்ரல் முதல் ஜூலை வரை. சால்ஸ்பர்க் மழைக்குப் பேர் போன ஊர். நூல் நூலாக இறங்கும் மழைக்கு அங்கே தனிப் பெயரே உண்டு. மழையால் படப்பிடிப்பு பல வாரங்கள் தள்ளிப் போனது.

ஆற்றைத் தாண்டினால் பழைய நகரம். அங்கே நீரூற்றுடன் கூடிய பெரிய சதுக்கத்தில்தான் ஹிட்லர் படை அணிவகுத்து வரும் காட்சியை எடுத்தார்கள். கட்டிடங்களில் நாஜிக் கொடி தொங்கவிட நகர அதிகாரிகள் முதலில் சம்மதிக்கவில்லை. "அப்படியானால், 1938-ல் உங்கள் ஊர் மக்கள் ஹிட்லரை வரவேற்ற பழைய செய்திப் படத்தைப் போட்டுக்கொள்கிறோம்" என்று படக் குழுவினர் சொன்னதாகவும், உடனே அனுமதி கிடைத்ததாகவும் சொல்வார்கள்.

உண்மையான மரியாவும் இந்தப் படத்தில் ஒரு கணம் தலை காட்டுகிறார். ஜூலி ஆண்ட்ரூஸ் பாடிக்கொண்டு வரும்போது, பின்னால் வளைவு ஒன்றின் அருகே நடந்து போகிறவர்களில் அவரும் ஒருவர்.

கன்னியர் மடம்

கோட்டை மலையின் சரிவில் நோன்பெர்க் கன்னியர் மடம் இருக்கிறது. சுமார் 1,300 ஆண்டுகளாக இடைவிடாமல் நடந்து வரும் மடம். படி ஏறித்தான் போக வேண்டும். அம்மாவுக்கு மூட்டு வலி. பாதி வழியில் ஒருமுறை, மேலே ஒருமுறை உட்கார்ந்து வந்தாள்.

மடத்துக் கதவை மட்டும் படம் பிடிக்க அனுமதித்தார்கள். உள்ளே நடக்கும் காட்சிகளை ஹாலிவுட்டில் செட் போட்டு எடுத்தார்கள்.

மரியா உண்மையிலேயே இந்த மடத்தில் இருந்தவர்தான். 1927-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி அவருக்குத் திருமணம் நடந்ததும் இங்கேதான். படத்தில் வரும் திருமணமோ, 25 கிலோ மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் மோண்ட்சே என்ற ஊரின் தேவாலயத்தில் எடுத்தது.

பூட்டிய கண்ணாடி மண்டபம்

மறுநாள் காலை பஸ் பிடித்து ஹெல்புருன் அரண்மனைப் பூங்காவுக்குப் போனோம். மூத்த மகள் லீசல் மழை இரவில் காதலனோடு ஆடிப் பாடும் கண்ணாடி மண்டபம் இங்கே இருக்கிறது.

பார்த்ததும் மகளின் முகம் வாடிவிட்டது. காரணம், மண்டபம் பூட்டி இருந்தது. படத்தைப் போல பெஞ்சுக்கு பெஞ்சு தாவி, வயதானவர்கள்கூட விழுந்து அடிபட்டார்களாம். அதனால் பூட்டு! மண்டபத்தின் உள்ளே நடக்கும் ஆட்டமும் ஹாலிவுட் செட்டில் எடுத்ததுதான்.

"அப்பா, படத்தில் காட்டிய வீடாவது நிஜமா?" என்று கேட்டாள்.

என்ன சொல்வது? படத்தில் அது ஒரே வீடு. உண்மையில் இரண்டு இடம். வீட்டின் முன்பக்கம் புரோன்பர்க் என்ற மாளிகை. இப்போது அங்கே இசைக் கல்லூரி மாணவர்கள் தங்குகிறார்கள். குழந்தைகள் படகு கவிழ்ந்து விழும் ஏரி, லியோபோல்ட்ஸ்கிரோன் அரண்மனையின் ஏரி. கடைசிக் குழந்தையாக நடித்த சிறுமிக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் விழுந்தவளை மற்றவர்கள் தூக்கிக் காப்பாற்றினார்கள்.

அந்த அரண்மனைக்கும் ஒரு சோகக் கதை உண்டு. புகழ்பெற்ற நாடக மேதை மாக்ஸ் ரெயின்ஹார்ட் 1918-ல் அதை வாங்கிப் புதுப்பித்தார். அவர் யூதர் என்பதால் 1938-ல் நாஜிகள் அதைப் பறித்துக்கொண்டார்கள். அவர் 1943-ல் அமெரிக்காவில் இறந்தார். தன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

தண்டவாளத்தின் ஓரத்தில்

உண்மையான தளபதி டிராப்பின் வீடு, நகரின் தென்கிழக்கே ஐகன் என்ற பகுதியில் இருக்கிறது. பெரிய மஞ்சள் வீடு. படத்தில் இந்த வீடு வருவதே இல்லை. திரும்பும் ரெயிலுக்கு நேரம் இருந்ததால், உள்ளூர் ரெயில் பிடித்து ஐகன் நிலையத்தில் இறங்கினோம். இரண்டு நாளில் நாங்கள் பார்த்த இடங்களில், கூட்டமே இல்லாத இடம் இதுதான்.

வீடு இப்போது ஓட்டல். வெளியே நின்று பார்த்தோம். தோட்டத்துக்குப் பின்னால் ரெயில் பாதை ஓடுகிறது.

இந்தக் குடும்பத்தின் உண்மைக் கதை படத்தைவிடக் கடினமானது.

படத்தில் அவர்கள் பெரும் பணக்காரர்கள். உண்மையில், 1935-ல் ஒரு வங்கி முறிந்தபோது சொத்தில் பெரும் பகுதி போய்விட்டது. வீட்டில் அறைகளை வாடகைக்கு விட்டார்கள். பாட்டு அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருந்தது போய் பிழைப்பாக ஆனது.

1938-ம் ஆண்டு மார்ச் மாதம் ஹிட்லர் ஆஸ்திரியாவைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்டான். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல் தளபதியாகப் பேர் வாங்கியவர் டிராப். அவரை ஜெர்மன் கடற்படைக்குக் கூப்பிட்டார்கள். பணக் கஷ்டத்தில் இருந்த மனிதர், அந்த வேலை வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொன்னபின் அந்த ஊரில் இருக்க முடியாது.

தளபதி பிறந்த சாரா நகரம், முதல் போருக்குப் பிறகு இத்தாலிக்குப் போய்விட்டது. அதனால் அவருக்கு இத்தாலியக் குடியுரிமை இருந்தது. தாளும் கையுமாக, சட்டப்படியே புறப்பட முடிந்தது. அமெரிக்காவில் கச்சேரிக்கு ஏற்பாடும் இருந்தது.

கணவன், மனைவி, 9 பிள்ளைகள், உடன் பாட்டு வாத்தியாராக இருந்த ஒரு பாதிரியார். மரியா அப்போது கர்ப்பிணி. வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்டவாளத்தைத் தாண்டிப் போய், எல்லோரையும் போல ரெயில் ஏறி இத்தாலிக்குப் போனார்கள்.

"அப்படியானால் அந்த மலை?" என்றான் மகன்.

சால்ஸ்பர்க்கை ஒட்டி நிற்கும் உன்டர்ஸ்பெர்க் மலையைத் தாண்டினால் வருவது ஜெர்மனி! ஹிட்லரின் மலை மாளிகை இருந்த பெர்க்டெஸ்காடன் வட்டாரம் அந்தப் பக்கம்தான். படத்தில் காட்டியபடி மலை ஏறியிருந்தால், நேரே எதிரியின் வாசலில் போய் இறங்கி இருப்பார்கள்.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்களாம்?" என்று கேட்டாள்.

கலியாணமாகி, ஒரு தகரப் பெட்டியோடு நெல்லையில் இருந்து பம்பாய்க்கு ரெயில் ஏறி வந்தவள் அம்மா. அவளுக்கு ஊரில் இன்னும் வீடு இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது.

இந்த வீட்டின் சாவி போன இடம் வேறு. 1939-ல் நாஜிகள் வீட்டைப் பிடித்தார்கள். லட்சக்கணக்கானவர்களைக் கொன்று குவித்த ஹிம்லர், போர் முடியும்வரை இதைத் தன் இருப்பிடமாக வைத்துக்கொண்டான். குழந்தைகள் பாடிய தோட்டத்தைச் சுற்றி மதில் எழுந்தது.

டிராப் குடும்பம் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடிப் பிழைத்தது. வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டோவ் என்ற இடத்தில் பண்ணை வாங்கியது. தளபதி 1947-ல் காலமானார். மரியா 1987-ல் காலமானார். இருவரையும் அடக்கம் செய்த இடம் அந்தப் பண்ணைதான்.

போக விரும்புகிறவர்களுக்கு...

படம் எடுத்த இடங்களைச் சுற்றிக் காட்ட தனி பஸ்கள் உண்டு. 5 பேருக்குக் கட்டணம் கூடுதல். மிராபெல் தோட்டம், சதுக்கம், மடம் மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்க்கலாம். குடை அவசியம் வேண்டும்.

ஒரு நாள் டிக்கெட்டு சனி, ஞாயிறுகளில் காலை முதலே செல்லும். மற்ற நாட்களில் 9 மணிக்கு மேல்தான். டிக்கெட்டில் பெயர் எழுத வேண்டும். எல்லையில் சோதனை இருக்கும் என்பதால் பாஸ்போர்ட்டு கையில் இருக்கட்டும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் படிக்கட்டையும் கண்ணாடி மண்டபத்தையும் பார்த்தவுடன் திரும்பிவிட வேண்டாம். ஐகன் நிலையத்துக்கு நகரில் இருந்து ரெயிலில் சுமார் 10 நிமிடம்தான். அந்தக் குடும்பம் கடந்து போன தண்டவாளத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.