தோட்டா மீள்நிரப்பலில் எரியூட்டித் தேர்வு

எரியூட்டி அல்லது பிரைமர் என்பது தோட்டாவின் அடிப்பகுதியில் பொருத்தப்படும் சிறு உலோகக் கிண்ணம் ஆகும். துப்பாக்கியின் அடியூசி தாக்கும்போது இதனுள் உள்ள கலவை தீப்பற்றி, கூட்டில் இருக்கும் மருந்தைக் கொளுத்துகிறது. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சீர்செய்து, புதிய எரியூட்டி, மருந்து, குண்டு ஆகியவற்றைக் கையால் இட்டு மீண்டும் தோட்டாவாக்குதல் மீள்நிரப்பல் எனப்படும். ஐக்கிய அமெரிக்காவில் இலக்குச் சுடும் போட்டியாளர்களும் வேட்டைக்காரர்களும் இதனைப் பரவலாகச் செய்கின்றனர். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரித்தல் குற்றமாகும்.

தோட்டாவின் நான்கு உறுப்புகளில் எரியூட்டியே மிகச் சிறியது. ஒரே அளவுள்ள எரியூட்டிகள் யாவும் ஒன்றே எனக் கருதுவது எளிது. ஆனால் குழியில் பொருந்துவதால் மட்டும் ஓர் எரியூட்டி அந்தத் தோட்டாவுக்கு ஏற்றதாகிவிடாது.

பாக்சர், பெர்டான் வகைகள்

தாக்குதலால் தீப்பற்றும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத் என்னும் இசுக்காட்லாந்துப் பாதிரியார் ஆவார். இன்றைய எரியூட்டிகளின் இரு வகைகளும் 1860களில் தோன்றின. அமெரிக்கரான ஐரம் பெர்டானின் வடிவத்தில், கலவை நசுங்குவதற்கான பட்டடை கூட்டின் பகுதியாகவே அமைந்துள்ளது. தீ செல்லும் துளைகள் பெரும்பாலும் இரண்டு. ஆங்கிலேயரான எட்வர்டு பாக்சரின் வடிவத்தில் பட்டடை எரியூட்டியின் உள்ளேயே இருக்கிறது. துளை நடுவில் ஒன்று மட்டுமே. காலப்போக்கில் ஆங்கிலேயரின் வடிவம் அமெரிக்காவிலும், அமெரிக்கரின் வடிவம் ஐரோப்பாவிலும் வேரூன்றியது ஒரு வேடிக்கை. பாக்சர் வகையில் நடுத்துளை வழியே ஓர் ஊசியைச் செலுத்திப் பழைய எரியூட்டியை வெளியே தள்ளிவிடலாம். மீள்நிரப்பல் அமெரிக்காவில் செழித்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணமாகும்.

அளவு

ரைபிள் எரியூட்டிகள் இரு விட்டங்களில் கிடைக்கின்றன. சிறியது 0.175 அங்குலம், பெரியது 0.210 அங்குலம். கைத்துப்பாக்கி எரியூட்டிகளும் இதே விட்டங்களில் வருவதால் குழப்பம் நேர்கிறது. பெரிய ரைபிள் எரியூட்டி, பெரிய கைத்துப்பாக்கி எரியூட்டியைவிட ஏறத்தாழ 0.008 அங்குலம் உயரமானது. எனவே இதனைக் கைத்துப்பாக்கிக் கூட்டில் இட்டால் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சிறிய வகைகளில் இந்த உயர வேறுபாடு இல்லை. ஆதலால் கைத்துப்பாக்கி எரியூட்டி ரைபிள் கூட்டில் எவ்விதத் தடையுமின்றிப் பொருந்திவிடும். ஆபத்து இங்குதான். 9 மிமீ லூகர் தோட்டாவின் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு; .223 ரெமிங்டனுக்கோ 55,000 பவுண்டு. கைத்துப்பாக்கி எரியூட்டியின் மெல்லிய கிண்ணம் அவ்வழுத்தத்தில் துளைபட்டு, வெப்ப வளிமம் பின்னோக்கிப் பீறிடக்கூடும்.

கிண்ணத்தின் தடிப்பு

ரைபிள் எரியூட்டிகளுக்குள்ளும் தடிப்பு வேறுபடுகிறது. ரெமிங்டன் நிறுவனத்தின் 6½, 7½ ஆகிய இரண்டும் சிறிய ரைபிள் எரியூட்டிகளே. முன்னது .22 ஹார்னெட் போன்ற குறைந்த அழுத்தத் தோட்டாக்களுக்கானது; .223 போன்றவற்றுக்குத் தடித்த கிண்ணமுடைய 7½ தேவை.

தடிப்பும் கலவையின் உணர்திறனும் மற்றொரு வகையிலும் முக்கியமானவை. ஏஆர்-15, எம்1 காரண்ட் போன்ற தானியங்கி முறை ரைபிள்களில் அடியூசியைப் பின்னுக்கு இழுத்துவைக்கும் வில் இல்லை. போல்ட் வேகமாக முன்னேறி அறையை மூடும்போது, தடையின்றி அசையும் ஊசி தன் நிலைமத்தால் எரியூட்டியை இலேசாகத் தட்டுகிறது. சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவில்கூட இந்தச் சிறு தடத்தைக் காணலாம். எரியூட்டி மிகை உணர்திறன் உடையதாகவோ குழியில் முழுதும் அமராமலோ இருந்தால், விசையைத் தொடாமலேயே தோட்டா வெடிக்கும். போல்ட் பூட்டப்படுவதற்கு முன் இது நேர்ந்தால் துப்பாக்கியே சிதறலாம். எம்16 ரைபிளின் தொடக்கக் காலத்தில், 1960களில், இச்சிக்கலைக் குறைக்க அடியூசியின் எடை குறைக்கப்பட்டது. சிசிஐ நிறுவனத்தின் 34, 41 எண் எரியூட்டிகள் இத்தகைய ரைபிள்களைக் கருதியே படைத்துறை உணர்திறன் அளவீட்டின்படி செய்யப்படுகின்றன. எந்த வகையாயினும், எரியூட்டி கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே அமர்ந்திருக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தாலே துருத்தல் புலப்படும்.

சுடரின் வலிமை

மேக்னம் எனப்படும் எரியூட்டிகள் கூடுதலான அல்லது நீடித்த சுடரைத் தருகின்றன. மெதுவாக எரியும் மருந்து மிகுதியாக உள்ள பெரிய கூடுகள், கொளுத்தக் கடினமான உருண்டை வடிவ மருந்துகள், கடுங்குளிர் ஆகிய சூழல்களில் இவை பயன்படுகின்றன. சிறு கூட்டிலும் மேக்னம் இட்டால் இன்னும் நன்றாக எரியும் என்ற எண்ணம் தவறானது. அழுத்தம் கூடலாம், வேகச் சீர்மை குலையலாம். துல்லியப் போட்டியாளர்களில் பலர் எதிர்த்திசையில் சென்றுள்ளனர். .308 வின்செஸ்டர் வழக்கமாகப் பெரிய எரியூட்டியை ஏற்பது. பால்மா போட்டிகளுக்காகச் சிறிய எரியூட்டிக் குழியுடன் லாபுவா நிறுவனம் அதற்குக் கூடு செய்கிறது. மென்சுடர் வேகச் சீர்மைக்கு உதவுகிறது என்பதும், குழியைச் சுற்றி மிகுதியான பித்தளை இருப்பதால் கூடு நீடித்து உழைக்கிறது என்பதும் இதற்கான காரணங்கள். ஆனால் கடுங்குளிரில் இத்தகைய தோட்டா தாமதமாகப் பற்றக்கூடும்.

மாற்றி இடுதல்

2020க்குப் பின் அமெரிக்காவில் எரியூட்டிகளுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கிடைத்ததை வாங்கி இடும் நிலைக்குப் பலர் தள்ளப்பட்டனர். மருந்து அளவு அட்டவணைகள் குறிப்பிட்ட எரியூட்டியைக் கொண்டு சோதிக்கப்பட்டவை. ஆகையால் எரியூட்டியை மாற்றினால் மருந்தைத் தொடக்க அளவுக்குக் குறைத்து, மீண்டும் சிறிது சிறிதாகக் கூட்டிச் சோதிக்க வேண்டும். உச்ச அளவில் இருக்கும் தோட்டாவில் எரியூட்டியை மட்டும் மாற்றுவதுதான் பலரும் செய்யும் பிழை.

சுட்ட பின் எரியூட்டி தட்டையாகியுள்ளதா எனப் பார்த்து அழுத்தத்தை மதிப்பிடும் பழக்கமும் உண்டு. மென்மையான கிண்ணம் இயல்பான அழுத்தத்திலேயே தட்டையாகும். கடினமானது மிகை அழுத்தத்திலும் விளிம்பு வளைவை இழக்காதிருக்கலாம். எனவே இரு வேறு நிறுவனங்களின் எரியூட்டிகளை இவ்வாறு ஒப்பிடுவது பயனற்றது.

பழைய தோட்டாக்கள்

பழைய எரியூட்டிகளில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டு, எரிந்தபின் ஈரத்தை ஈர்க்கும் உப்பாக எஞ்சிக் குழலைத் துருவேற்றியது. பாதரசம் கலந்தவை பித்தளையை நொறுங்கச் செய்ததால் அக்கூடுகள் மீள்நிரப்பலுக்கு உதவுவதில்லை. ஈய இசுட்டிஃப்னேட்டை அடிப்படையாகக் கொண்ட கலவைகள் இவற்றை நீக்கின. ஆயினும் ஈயத் துகள் சுட்ட கூடுகளில் தங்குகிறது. கூடுகளைத் தூய்மை செய்யும்போது எழும் தூசியை உள்ளிழுக்காதிருக்க வேண்டும். பணி முடிந்ததும் கை கழுவ வேண்டும். புதிய எரியூட்டிகளை, அவை வந்த தட்டுப் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு கண்ணாடிக் குடுவையில் கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்க, மற்றவையும் ஒருசேர வெடிக்கும்.