உதவித்தொகையும் உடனிருப்போர் உழைப்பும்

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை ஒருவர் கையால் முடிவதன்று. உடலுக்கு ஒரு நிறமும் கரைகளுக்கு வேறு நிறமுமாக ஊடை செல்ல மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். குழித்தறியில் அமர்ந்து மிதிப்பவர் நெசவாளர். அவர் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுப்பவர் பெரும்பாலும் அவருடைய மனைவியே. இவ்விரண்டாம் இருக்கைக்குத் தனிக் கூலி இல்லை. சேலைக்குரிய கூலியில் அதுவும் அடக்கம். வெளியாளை அமர்த்தினால் அவருக்கு நெசவாளரே தம் கையிலிருந்து தர வேண்டும்.

அத்தகைய இல்லம் ஒன்றில், தானே எழவும் உண்ணவும் இயலாத மகன் ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். தாய் அவனை விட்டு அகல இயலாது. தறியருகே அவள் இடம் காலியாகிறது. மருந்துக்கும் சக்கர நாற்காலிக்கும் ஆகும் செலவை நாம் கணக்கிடுகிறோம். காலியான அந்த இடத்தை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை பற்றிய ஆராய்ச்சி இங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியாக வழங்கப்பெறும் மாத உதவித்தொகை, 2023 சனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கடும் பாதிப்புடையோர்க்கும் அறிவுசார் குறைபாடுடையோர்க்கும் அளிக்கும் பராமரிப்பு உதவித்தொகை அவ்வாண்டில் 2,000 ரூபாயாக இருந்தது. நடுவண் அரசின் திட்டத்தில், 80 விழுக்காடு குறைபாடும் வறுமையும் உடையோர்க்கு 2012இல் வரையறுத்த தொகை 300 ரூபாய். 2024இலும் அதே 300 தான். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அரிசி விலை அங்கேயே நின்றுவிடவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதற்கோர் அளவுகோல் தருகிறது. பிறர்க்குரிய ஒத்த திட்டங்களைக் காட்டிலும் இவர்களுக்குரிய தொகை 25 விழுக்காடேனும் மிகுந்திருக்க வேண்டும் என்கிறது அதன் 24ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாயிற்று. அதனோடு 25 விழுக்காட்டைக் கூட்டினால் மிகச் சரியாக 1,500 வருகிறது! சட்டத்தின் எழுத்து காக்கப்பட்டது. ஆனால் குறைந்த அளவே முழு அளவாகவும் ஆகிவிட்டது.

தொகையைப் போலவே வழங்கும் முறையும் கருதத்தக்கது. பணியாளரை அனுப்பி உதவுவது ஒரு முறை. பணத்தைக் குடும்பத்தின் கையில் தந்து, வேண்டியதைத் தாமே தேர்ந்துகொள்ளச் செய்வது மற்றொன்று. பிரிட்டன் 1996இல் இயற்றிய சட்டம் இரண்டாவதற்கு வழி திறந்தது. ஆஸ்திரேலியா 2013இல் தொடங்கிய தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டத்தில், ஒவ்வொருவர்க்கும் தனி வரவுசெலவு ஒதுக்கி, விரும்பினால் அதனைத் தாமே நடத்தவும் இடம் தந்தது. செலவு பெருகவே, 2024 அக்டோபர் 3 முதல் வாங்கத்தக்கவை இவை, தகாதவை இவை என்று பட்டியல்கள் நடைமுறைக்கு வந்தன. பட்டியலில் இல்லாத ஒன்று தம் பிள்ளைக்கு எளிதாகவும் மலிவாகவும் பயன்படும் என்று தாய் அறிந்திருந்தாலும், முன் இசைவு பெற வேண்டிய நிலை ஏற்பட்டது. ஜகாத் வழங்கும் முறையை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். பெறுபவருக்கே பொருளை உடைமையாக்கிவிட வேண்டும் என்பர் ஹனஃபி சட்ட அறிஞர்.

நம் நாட்டில் அத்தகைய பட்டியல் ஏதுமில்லை. உதவித்தொகையை எவ்வாறு செலவிட்டாய் என்று தாயை எவரும் கேட்பதில்லை. தேர்ந்துகொள்ளும் உரிமை முழுமையாக இருக்கிறது. தேர்ந்து வாங்குவதற்குரிய பணந்தான் இல்லை. ஒரு துணையாளை மாதம் முழுவதும் அமர்த்த அத்தொகை போதாது. அண்டையிலுள்ள ஆந்திரம் 2024 சூலையில் இதனை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாக உயர்த்தியது. பின் 2025இல் சான்றிதழ்களை மறுபரிசோதனை செய்தபோது, தொகை நிறுத்தப்படும் என்னும் அறிவிப்பு பல இல்லங்களுக்குச் சென்றது. தொகை பெருகும்போது ஐயமும் பெருகுகிறது போலும்.

இல்லத்தில் பெண்டிர் செய்யும் கூலியில்லா உழைப்பை அரசு அறியாமல் இல்லை. அதற்கான மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று இதே காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பெற்றது. நோயுற்ற மகனைச் சுமக்கும் தாய்க்கும் ஏனையோர்க்கும் அதில் தொடக்கத்தில் ஒரே 1,000 ரூபாய்தான் வழங்கப்பட்டது. மேற்குறித்த 24ஆம் பிரிவோ, மிகுந்த துணை தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் படி என்பதனைத் தனியே பெயரிட்டுச் சொல்கிறது. இதனைக் கேட்டுப் பெறுவதற்கு முதலில் அது சட்டத்தில் இருப்பது தெரிய வேண்டும்.

ஒன்று இங்குக் குறிப்பிட வேண்டும். அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம், புற உலகச் சிந்தனையற்ற நிலை, பல்வகைக் குறைபாடு உடைய மகனோ மகளோ 18 வயது நிரம்பியதும், சட்டத்தின் கண்ணில் பெற்றோர் தாமாகவே காப்பாளர் ஆகார். வங்கிக் கணக்கு முதல் சொத்து வரை இடர் தோன்றலாம். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி காப்பாளர் சான்று பெற விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரை உறுப்பினராகக் கொண்ட உள்ளூர்க் குழு அதனை வழங்குகிறது. தறியை விட்டு நாள்முழுதும் அலுவலகத்தில் நிற்க இயலாத பெற்றோர்க்கு, இவ்விண்ணப்பத்தை நிரப்பித் தர நம் மாணவர் ஒருவரும் ஒரு பிற்பகலும் போதும்.