எந்த செக்‌ஷன் போட்டிருக்காங்க?

கோர்ட் வாசல் டீக்கடையில் காலையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும். கேட்பவர் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பார். பதில் தெரியாமல், நாலாக மடித்த எஃப்.ஐ.ஆர். நகலை அவரிடம் நீட்டுபவர் ஓர் அம்மாவாக இருப்பார், சில நாள் ஒரு தாத்தாவாக. பிள்ளைக்கு நடந்தது அவர்களுக்குத் தெரியும். அந்தக் காகிதத்தில் இருக்கிற எண்கள்தான் தெரியாது. அந்த எண்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அவசரம் ஒன்றுமில்லை, டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். இது யாருடைய வழக்கும் அல்ல, விளக்குவதற்காக நானே கட்டிய வீடு. அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். அம்மாவுக்கு வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் நைட் ஷிஃப்ட். மகளுக்கு 11 வயது. தெருவில் எல்லோருக்கும் வேண்டிய ஒரு மனிதர் அவளிடம் தப்பாக நடந்துகொள்கிறார், தொடுகிறார். நாலு நாள் கழித்துத்தான் அவள் வாய் திறக்கிறாள். அம்மா அவளை அழைத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறார்.

அங்கே எழுதப்படும் முதல் காகிதத்தில் இந்தச் சம்பவத்தைப் பல விதமாக எழுதலாம். பி.என்.எஸ். என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தின் 74 என்று மட்டும் எழுதினால், பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கில் தாக்கிய அல்லது பலத்தைப் பயன்படுத்திய குற்றம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11, 12 என்று எழுதினால் பாலியல் தொந்தரவு, தண்டனை 3 ஆண்டு வரை. 7, 8 என்றால் பாலியல் தாக்குதல், குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 5. குழந்தைக்கு 12 வயது நிரம்பவில்லை என்பதைக் கணக்கில் எடுத்து 9, 10 என்று எழுதினால் கடுமையான பாலியல் தாக்குதல், குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 7. நான் சொன்ன கதைக்குச் சரியான எண் இந்தக் கடைசி எண்தான். அதே கை, அதே குழந்தை, அதே சம்பவம். எழுதப்படும் எண் மட்டும் வேறு வேறு.

இது தண்டனைக் காலத்தோடு முடிகிற விஷயம் என்று பலரும் நினைக்கிறார்கள். குற்றவாளிக்கு 3 வருடமா 5 வருடமா என்பது அவனுடைய கணக்கு. பிள்ளையின் கணக்கு வேறு. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று அமலுக்கு வந்தபோது, விசாரணை எந்த முறையில் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே மாற்றியது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலேயே, அல்லது அவள் விரும்பும் இடத்தில் வாங்க வேண்டும். வாங்கும் போலீஸ் சீருடையில் இருக்கக் கூடாது. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாக அவளைக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதியிடம் சொல்ல வேண்டும், நீதிபதி கேட்பார். அரசு வழக்கறிஞருக்கும் இதே விதிதான். குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படக் கூடாது. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். வழக்கைக் கோர்ட் எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் அவள் சாட்சியம் பதிவாக வேண்டும், கூடுமானவரை ஓராண்டுக்குள் வழக்கு முடிய வேண்டும். எழுதுகிறவர் போக்சோவை விட்டுவிட்டு பி.என்.எஸ். 74 மட்டும் எழுதினால், இந்த வேலிகளில் பலவற்றை அவள் உரிமையாகக் கேட்க முடியாது. வழக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகாது, மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும். வராந்தாவில் அந்த ஆள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

போக்சோவுக்கு உள்ளேயே ஒரு படி இருக்கிறது, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சட்டத்தின் 29-ஆம் பிரிவு, 3, 5, 7, 9 ஆகிய பிரிவுகளின் கீழ் வழக்கு நடந்தால் குற்றம் நடந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது எதிரியின் பொறுப்பு என்கிறது. அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் காட்டியாக வேண்டும் என்பது வேறு. கவனியுங்கள், அந்தப் பட்டியலில் 11 இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், போக்சோவின் 4, 6, 8, 10 பிரிவுகளில் வரும் வழக்குகளின் புலன்விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. அந்தப் பட்டியலிலும் 12 இல்லை. தொட்ட குற்றத்தைத் தொந்தரவு என்று இறக்கி எழுதினால் அனுமானமும் போகிறது, இரண்டு மாதக் கெடுவும் போகிறது. பிள்ளைக்கு அது தெரியாது. வாய்தா தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்போது, தன்னை யாரும் நம்பவில்லை போலிருக்கிறது என்று மட்டும் அவள் நினைத்துக்கொள்வாள்.

ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு இறங்குவது எவ்வளவு பெரிய இறக்கம் என்பதை நாடே ஒருமுறை பார்த்தது. 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021 ஜனவரியில் ஒரு தீர்ப்பு சொன்னது. துணிக்கு மேலே தொட்டால் அது போக்சோ 7-இல் வராது, தோலோடு தோல் பட வேண்டும் என்று சொல்லி, 3 ஆண்டுத் தண்டனையை இன்றைய பி.என்.எஸ். 74-க்கு முன்னோடியான பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 354-இன் கீழ் ஓராண்டாகக் குறைத்தது. மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த ஆண்டு நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாலியல் நோக்கம்தான் முக்கியம், தோல் பட்டதா என்பதல்ல என்றது. அங்கே மேலே ஏறிப் போய்ச் சரிசெய்ய ஆள் இருந்தார். தாலுகா அளவிலேயே இறக்கி எழுதப்படும் வழக்குக்கு அப்படி யார் வருவார்?

இந்த எண்ணை யார் தீர்மானிக்கிறார்கள் என்று இப்போது கேட்பீர்கள். சினிமாவிலும் சீரிஸிலும் அமெரிக்காவைப் பார்த்திருப்போம். அங்கே மாவட்ட அரசு வழக்கறிஞர்தான் என்ன குற்றம் சாட்டுவது, எதைக் கைவிடுவது, எதற்கு பேரம் பேசுவது என்று முடிவு செய்கிறார். நம் ஊரில் அப்படி இல்லை. எஃப்.ஐ.ஆரிலும் குற்றப்பத்திரிகையிலும் பிரிவு போடுவது போலீஸ். கோர்ட்டில் குற்றச்சாட்டை வனைவது நீதிபதி. அரசு வழக்கறிஞர், நாம் பி.பி. என்று சொல்கிறவர், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். புலன்விசாரணையில் அவர் கை வைக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. பி.பி.யின் கருத்தைக் கேட்டுக் குற்றப்பத்திரிகையைத் திருத்துங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவை அது ரத்து செய்தது. காரணம் நியாயமானது. துப்புத் துலக்குகிறவரும் வழக்காடுகிறவரும் ஒரே ஆளானால் யார் மேல் வேண்டுமானாலும் வழக்கு ஜோடிக்கலாம். பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களில் தண்டனை பேரத்தையும் நம் சட்டம் அனுமதிப்பதில்லை. இதை நான் பெரிய பாதுகாப்பாகவே பார்க்கிறேன்.

அதனால் பி.பி. கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியவர் என்று அர்த்தமில்லை. குற்றச்சாட்டு வனையும் அன்று வழக்கைத் திறந்துவைத்து, இந்த ஆதாரங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தும் என்று சொல்வது அவர் வேலை. போலீஸ் 8 என்று எழுதியிருந்தாலும், பிள்ளைக்கு 11 வயது, இது 10-இல் வரும் என்று அன்றைக்கே அவர் எழுந்து சொல்லலாம். கட்டைப் பிரித்து முழுக்க வாசித்த பி.பி.க்குத்தான் அது கண்ணில் படும்.

அன்றைக்கு விட்டுவிட்டால் பிறகு முடியாதா? முடியும். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் எந்தக் கட்டத்திலும் குற்றச்சாட்டை மாற்றலாம், பி.என்.எஸ்.எஸ். 239 அதற்கு இடம் தருகிறது. ஆனால் அடுத்த பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குற்றச்சாட்டு மாறினால் ஏற்கெனவே சாட்சி சொன்னவர்களை மறுபடி அழைத்துக் கேள்வி கேட்க இரு தரப்புக்கும் வழி பிறக்கிறது. இங்கேதான் எனக்கு மனசு கனக்கிறது. அந்தப் பிள்ளை அம்மாவிடம் ஒருமுறை சொன்னாள், ஸ்டேஷனில் ஒருமுறை, டாக்டரிடம் ஒருமுறை, மாஜிஸ்திரேட்டிடம் ஒருமுறை, கோர்ட்டில் ஒருமுறை. பெரியவர்கள் ஓர் எண்ணைத் தாமதமாகத் திருத்துவதால் அவள் ஆறாவது முறை சொல்ல வேண்டி வரலாம். குழந்தையைத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்று போக்சோ 33-ஆம் பிரிவு சொல்கிறது, உண்மைதான். ஆனாலும் மனுப் போடுவார்கள். அந்த மனு நிற்கிறதா விழுகிறதா என்று தெரியும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்க மாட்டார்கள்.

சாதி சார்ந்த பிரிவையும் சொல்ல வேண்டும், நம் கிராமங்களில் அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. பிள்ளை பட்டியல் சாதியைச் சேர்ந்தவளாகவும் எதிரி அப்படி இல்லாதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவும் சேர வேண்டும். சேர்ந்தால் டி.எஸ்.பி. விசாரிக்க வேண்டும். ஜாமீன் மனுவில் பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்டாக வேண்டும். நிவாரணம் தவணையாக வரும். 2016-இல் திருத்திய விதிகளின்படி வன்புணர்வு வழக்கில் 5 லட்சம் ரூபாய். மருத்துவப் பரிசோதனை உறுதிப்படுத்தியதும் பாதி, குற்றப்பத்திரிகை போனதும் கால், விசாரணை நீதிமன்றத்தில் வழக்கு முடிந்ததும் மீதிக் கால். தினக்கூலி வீட்டுக்கு அந்த முதல் தவணை, ஊரார் சமரசம் பேச வரும்போது வேண்டாம் என்று சொல்லும் தைரியம். பிரிவைச் சேர்ப்பதோடும் முடிவதில்லை. ஆந்திராவில் பார்வையற்ற ஒரு தலித் இளம்பெண்ணின் வழக்கில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வன்புணர்வுக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. வன்கொடுமைச் சட்டத் தண்டனையை மட்டும் நீக்கியது. அன்றைய சட்டத்தின்படி சாதிக் காரணத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டும், அரசுத் தரப்பு அதற்கான சாட்சியத்தை வைக்கவே இல்லை. 2016 ஜனவரிக்குப் பிறகு, அவர் இன்ன சமூகம் என்று தெரிந்து செய்தாலே போதும் என்று சட்டம் மாறியிருக்கிறது. தெரியும் என்பதையாவது யாராவது ஒருவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும்.

பெரிய பிரிவாகப் போட்டால் நீதி கிடைத்துவிடும் என்று நினைப்பதும் சரியல்ல. நம் திண்டுக்கல் மாவட்டம் அதைக் கொடுமையாகப் பார்த்தது. 2019 ஏப்ரலில் வடமதுரை வட்டாரத்தில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகி, மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டாள் என்று வழக்கு. கொலை, போக்சோ என்று சட்டத்தில் உள்ள மிகக் கனமான குற்றச்சாட்டுகள். 2020 செப்டம்பரில் திண்டுக்கல் மகிளா நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, குற்றம் சாட்டப்பட்ட இளைஞரை விடுதலை செய்தது. அக்டோபர் 9 அன்று தமிழ்நாடு முழுக்க சலூன் கடைகள் அடைத்துக் கிடந்தன. முடி திருத்தும் தொழிலாளர்கள் அந்தப் பிள்ளைக்காகத் தெருவில் இறங்கினார்கள். மேல்முறையீடு செய்வோம் என்று அரசு சொன்னது. அந்த இளைஞர் குற்றவாளி என்று நான் இங்கே சொல்லவில்லை, சொல்லும் உரிமை எனக்கில்லை. நான் சொல்ல வருவது வேறு. எண் எவ்வளவு கனமோ, அதைத் தாங்கும் ஆதாரமும் அவ்வளவு கனமாக இருக்க வேண்டும். அது முதல் சில நாட்களில் சேர்க்க வேண்டியது. பிறகு போராடி வாங்க முடியாது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிள்ளை நிற்கிறாள். 17 வயதுப் பெண், 20 வயதுப் பையன், காதல், வீட்டைவிட்டுப் போகிறார்கள். அப்பா புகார் கொடுக்கிறார். கர்ப்பம் என்று தெரிந்தால் வழக்கு 5, 6-க்கு ஏறுகிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு அதில் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. காகிதத்தில் அவள் பாதிக்கப்பட்டவள். ஆனால் அவளைத்தான் காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள், அவள் வயிற்றுப் பிள்ளையின் தகப்பன் ஜெயிலுக்குப் போகிறான். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜனவரியில் இப்படியொரு வழக்கை ரத்து செய்தார். இருவர் மனமொத்த இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் டி.ஜி.பி. சுற்றறிக்கை வந்தது. 18 வயதுக்குக் கீழே சம்மதம் செல்லாது என்ற சட்டம் அப்படியேதான் இருக்கிறது, அது பல பிள்ளைகளைக் காப்பாற்றவும் செய்கிறது. இருந்தாலும், எண்ணைப் போடுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, அவள் சொல்வதை ஒரு பெரியவர் முழுதாகக் கேட்டாரா என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதெல்லாம் கேட்டபின் அந்த அம்மா என்ன செய்வது? எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்கலாம். 90 நாளுக்குள் புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் போலீஸ் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். சொல்கிறது. போக்சோ 40-ஆம் பிரிவின்படி தங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஏற்பாடு செய்து தரும். அந்த வக்கீல் பி.பி.யிடம், ஐயா, இது 8 இல்லை, 10-இல் வரும் என்று நேரத்தோடு சொல்ல முடியும். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். வழக்கு விடுதலையில் முடிந்தாலும், பிள்ளைக்குப் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்க விதி இருக்கிறது.

இன்னொன்று, மறந்துவிட வேண்டாம். இத்தனை நேரம் பேசிய போக்சோ எண்கள் எல்லாமே பிள்ளையின் வயதைப் பிடித்துத்தான் நிற்கின்றன. 2023 ஜூலையில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது இதனால்தான். வயதுக்கு ஆதாரமாக அரசுத் தரப்பு வைத்தது பள்ளி மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. அது சட்டம் கேட்கும் ஆவணம் அல்ல என்று நீதிமன்றம் ஒதுக்கியது. எலும்புப் பரிசோதனை 18-க்கு மேல் என்று காட்டியது, போக்சோவே கழன்றுவிட்டது. சட்டம் கேட்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அவை இல்லையென்றால் நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். டிரங்குப் பெட்டியின் அடியில், ரேஷன் கார்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பீர்கள். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போங்கள். போகிற வழியில் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.