செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல

"செல்ஃப் எடுக்குதுண்ணே, ஆனா ஸ்டார்ட் ஆகல." பெங்களூர் நெடுஞ்சாலையில் குத்தம்பாக்கம் பக்கத்து டீக்கடைகளில் மழைக்காலம் வந்துவிட்டால் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பக்கத்தில் நிற்பவர் உடனே "பேட்டரி போயிடுச்சு" என்பார். அவசரப்படாதீர்கள், டீயைக் குடியுங்கள். பாடியில் பஸ்காரர்கள் 'லூகாஸ்' என்று குரல் கொடுப்பார்களே, அந்த லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் 1961-ல் தொடங்கியது. அங்கே செல்ஃப் மோட்டார்கள் உருவாகின்றன. அந்த மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேல் கரண்டு இழுக்கும். அவ்வளவு கொடுத்தும் என்ஜின் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறது என்றால், பேட்டரி மீது பழி போடுவதில் நியாயமில்லை. இழுத்து இழுத்துச் சோம்பலாகச் சுற்றினால் மட்டும் பேட்டரியைச் சந்தேகியுங்கள். சுற்றும்போது வோல்டேஜ் ரொம்ப இறங்கினால், என்ஜினைக் கவனிக்கும் கம்ப்யூட்டரே கண்ணை மூடிக்கொள்ளும்.

ஆனால் சாவியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு: வண்டி தண்ணீரில் நின்றதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வரை தண்ணீர் தேங்கி நின்றது. காற்று போகும் குழாய் வழியே தண்ணீர் உள்ளே போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். ஒரே ஒரு முறை சாவி போட்டாலும் போதும், என்ஜினையே பிரிக்கும் செலவு வந்துவிடும். அப்படிச் சாவி போட்டுக் கெட்ட என்ஜினுக்கு, தனியாக என்ஜின் பாதுகாப்பு எடுக்காத சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது. தண்ணீரில் நின்ற வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீர்ப் பிரச்சினை இல்லை என்றால், பெட்ரோல் என்ஜின் கேட்பது சரியான நேரத்தில் பெட்ரோல், நெருப்பு, காற்று. இவற்றில் எது வரவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, அது தனிக்கதை.

சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பின்சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். பெட்ரோல் பம்ப் லைனில் அழுத்தம் ஏற்றுகிற சத்தம் அது. வழக்கமாகக் கேட்கும் அந்தச் சத்தம் இன்று கேட்கவில்லையா? முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே, அப்புறம்தான் பம்ப். அதே நேரம் மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் மினுக்கினால், வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. சில கார்களில் செல்ஃப் சுற்றும், பெட்ரோல் மட்டும் நின்றுவிடும். இன்னொரு சாவி வீட்டில் இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள்.

பம்ப் பாடுகிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்புதான் இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டேங்கில் தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்காரும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பெட்ரோல் போட்டுக் கொஞ்ச தூரத்திலேயே வண்டி நின்றிருந்தால், அதை மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

குத்தம்பாக்கம் இன்னும் வயல்வெளி மிச்சமிருக்கிற ஊர். மழை பெய்தால் எலிக்கு பானெட்டுக்குள் சூடான இடம் கிடைக்கிறது. இன்ஜெக்டருக்கோ காயிலுக்கோ போகும் ஒயரைக் கடித்துவிடும். எதையும் கழற்றும் முன் டார்ச் அடித்து ஒயர்களைப் பாருங்கள்.

செல்ஃப் அடிக்கும் ஓசையையும் கவனியுங்கள். நல்ல என்ஜின் விட்டு விட்டுத் திணறும். அந்தத் திணறல் உள்ளே காற்று அமுங்குவதால் வருவது. திணறலே இல்லாமல் ஒரே சீராக வேகமாக உருண்டால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள். பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எதுவானாலும் ஒரு தடவைக்கு ஐந்தாறு விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அது விலை கூடிய சாமான்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, பார்க்காமலே பார்ட் மாற்றுகிறபோதுதான். இன்று பிளக், நாளை காயில், மறுநாள் பம்ப். உழைத்த காசு போகும், வண்டி அப்படியே நிற்கும். சூடாக இருக்கும்போது நின்று, அரைமணி ஆறினபின் தானே ஸ்டார்ட் ஆகிற வண்டிகளில்தான் இது அதிகம் நடக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் சென்சார் சூட்டில் செத்து, ஆறினதும் பிழைத்துக்கொள்ளும். அது சொல்லாவிட்டால் என்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நெருப்பும் வராது, பெட்ரோலும் வராது. எனவே, ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் அந்த நேரத்திலேயே ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் பூஜ்யம் என்று காட்டினால், அந்த சென்சாரையும் அதன் ஒயரையும் பார்த்தபிறகு மற்றதைப் பேசலாம்.